எந்த உருக்கு, எந்த வேலைக்கு? – வாசகர் கேள்வி பதில்

காட்டிலும் கடலிலும் தோட்டத்திலும் பயன்படும் மடக்காத கத்திகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை, கத்தியின் வடிவத்தை விட்டு அதன் உருக்கைப் பற்றியே கேட்கின்றன. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, நான் பாடசாலைச் சாரணர் குழுவொன்றுக்குப் பொறுப்பான ஆசிரியர். வன்னிப் பக்கம் பாசறைக்குப் போகும்போது விறகு பிளக்கவும் தடி சீவவும் கயிறு அறுக்கவும் கறிக்கு வெட்டவும் ஒரே கத்தியையே பயன்படுத்துகிறோம். கனடாவிலிருந்து வரும் மைத்துனர் ஒரு கத்தி வாங்கி வருவதாகச் சொல்லி, 1095, டி2, 14சி28என், மக்னாகட் என்று நான்கு உருக்குகளின் பெயர்களை அனுப்பியிருக்கிறார். எதைக் கொண்டுவரச் சொல்வது?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: 14சி28என் கொண்டுவரச் சொல்லுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் மைத்துனரின் பட்டியலில் உள்ள நான்கும் நான்கு வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவானவை.

கத்தியின் கூர் தேய்ந்து மழுங்கலாம், ஒரு பக்கமாக மடியலாம், பல்லுப் பல்லாக உடைந்து போகலாம், துரு தின்று போகலாம். இந்த நான்கு கேடுகளையும் ஒரே அளவில் தடுக்கும் உருக்கு கிடையாது. தேய்மானத்தைத் தடுப்பதற்காகக் கடினமான காபைட்டு மணிகளை (காபன் உலோகத்தோடு கூடி உண்டாகும் சேர்மம்) அதிகமாகச் சேர்த்தால் அடி தாங்கும் தன்மை குறைகிறது. துருவைத் தடுப்பதற்காகக் குரோமியத்தைச் சேர்த்தால் அது காபனோடு கூடிப் பெரிய காபைட்டுகளாகத் திரண்டு, மெல்லிய கூரைப் பலவீனமாக்கக் கூடும். ஆகவே, உங்கள் கத்தியின் கூர் எந்த வழியில் கெடப் போகிறது என்பதை முதலில் தீர்மானித்தால் உருக்கைத் தெரிவது எளிது. உங்கள் கத்தி ஈர விறகில் அடி வாங்கும், எலுமிச்சம்பழமும் வெங்காயமும் வெட்டும், இரவெல்லாம் கூடாரத்துக்கு வெளியே கிடக்கும், ஒவ்வொரு நாளும் வேறொரு மாணவனின் கைக்குப் போகும். எனவே துருவும் பல் விழுதலுமே அதன் முதற் பகைவர்கள். தேய்மானம் அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

1095 என்பது ஏறத்தாழ 0.95 சதவீதம் காபனும் சிறிது மங்கனீசும் கொண்ட, வேறு சேர்மானம் ஏதும் இல்லாத எளிய உருக்கு. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் இரண்டாம் உலகப் போரில் எடுத்துச் சென்ற கா-பார் கத்தி, இன்று இதற்குச் சிறிது குரோமியமும் வனேடியமும் கூட்டிய வகையிலேயே செய்யப்படுகிறது. அடியை ஓரளவு தாங்கும், சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே கூர் ஏறும். ஆனால் துருவுக்கு எதிராக அதனிடம் எந்தக் காப்பும் இல்லை. மாரி மழையில் ஈரத்தோடு உறைக்குள் வைத்தால் விடிவதற்குள் செம்புள்ளி தோன்றிவிடும். ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் பூசும் ஒருவரின் சொந்தக் கத்தி 1095 ஆக இருக்கலாம்; முப்பது மாணவர்கள் பாவிக்கும் பொதுக் கத்தி அப்படி இருக்கக் கூடாது.

டி2 குறித்து எச்சரிக்க விரும்புகிறேன், ஏனெனில் இன்று மலிவு விலைக் கத்திகள் பலவற்றின் அலகில் இந்தப் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1.5 சதவீதம் காபனும் 12 சதவீதம் குரோமியமும் கொண்ட இது, தகடு வெட்டும் அச்சுகளுக்காக உருவான கருவி உருக்கு. 12 சதவீதம் குரோமியம் என்றதும் துருப்பிடிக்காது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும் பங்கைக் காபன் பிடித்துக் காபைட்டாக்கி விடுவதால், மீதியாக உருக்கில் கரைந்து நிற்பது துருவைத் தடுக்கும் முழுமையான காப்புப் படலத்துக்குப் போதாது. அந்தக் காபைட்டுகளும் பெரியவை. கயிறும் கடதாசி மட்டையும் நாள் முழுதும் அறுப்பவருக்கு டி2 நன்றாக உழைக்கும், அலகின் முதுகில் தடியால் அடித்து விறகு பிளப்பவருக்கு விரைவில் பல் விழும்.

14சி28என், சுவீடனின் சான்ட்விக் நிறுவனத்திலிருந்து பிரிந்து 2022 முதல் அலீமா என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் தயாரிப்பு. காபன் 0.62, குரோமியம் 14, நைதரசன் 0.11 சதவீதம். காபனின் ஒரு பங்கு வேலையை நைதரசன் செய்வதால் காபனைக் குறைத்து வைக்க முடிந்திருக்கிறது. காபன் குறைவாக இருப்பதால் குரோமியத்தின் பெரும்பகுதி காபைட்டில் சிக்காமல் உருக்கிலேயே கரைந்து நிற்கிறது. காபைட்டுகளும் நுண்ணியவையாகவே இருக்கின்றன. இதனால் துருவெதிர்ப்பு, அடி தாங்குதல், எளிதில் தீட்ட முடிதல் ஆகிய மூன்றும் ஒன்றாக வாய்க்கின்றன. நீண்ட நேரம் கூர் நிற்பதில் மட்டும் இது டி2க்கும் மக்னாகட்டுக்கும் பின்தங்கும். பாசறையில் பத்து நிமிடம் ஒதுக்கித் தீட்டிக்கொள்ளக் கூடிய குறை அது.

மக்னாகட், அமெரிக்க உலோகவியலாளர் லரின் தோமஸ் வடிவமைத்து, 2021இல் குரூசிபிள் நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்த உருக்கு. உருகிய உருக்கைத் துளிகளாகச் சிதறடித்துத் தூளாக்கி, அத்தூளை வெப்பத்திலும் அமுக்கத்திலும் கட்டியாக்கும் முறையில் இது செய்யப்படுவதால் காபைட்டுகள் மிகச் சிறியவை. வெப்பப் பதம் (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குதல்) முடிந்த பின் அதில் குரோமியக் காபைட்டுகளே எஞ்சாதபடி சேர்மானங்கள் கணக்கிடப்பட்டுள்ளன, அதனால் 10.7 சதவீதக் குரோமியமே இருந்தும், அதைவிடக் கூடுதலாகக் கொண்ட பல உருக்குகளை விட நன்றாகத் துருவைத் தாங்குகிறது. நான்கிலும் ஒட்டுமொத்தமாகச் சிறந்தது இதுதான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் விலை பல மடங்கு. மாணவன் ஒருவன் காட்டில் மறந்துவிட்டு வரக்கூடிய கத்திக்கு அத்தனை பணம் கொடுப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

உருக்கோடு அலகின் தடிப்பையும் பாருங்கள். 14சி28என் உருக்கில் செய்யப்படும் மோரா கார்பேர்க் கத்தி 3.2 மில்லிமீற்றர் தடிப்பும், கைப்பிடியின் கடைசி வரை செல்லும் வாலும் (கைப்பிடிக்குள் நீளும் அலகின் பகுதி) கொண்டது. உங்கள் வேலைக்கு அந்த அளவு போதும். 6 மில்லிமீற்றர் தடித்த அலகு பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும், மரவள்ளிக் கிழங்கைக் கூட வெட்டாது, பிளக்கும்.

கேள்வி: ஐயா, ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்ற கத்தியொன்றை வாங்கி வள்ளத்தில் வைத்திருந்தேன். சோளகக் காலம் முடிவதற்குள் அலகெங்கும் கறுத்த ஊசிப் புள்ளிகள் விழுந்து, தேய்த்தாலும் போகவில்லை. ஏமாற்றப்பட்டேனா? கடல் தொழிலுக்கு உண்மையாகவே துருப்பிடிக்காத உருக்கு உண்டா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி வார்த்த உருக்கில் ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் இருந்தது; இன்றைய சாதாரண துருப்பிடிக்காத கத்திகளும் அந்த அளவையே சுற்றி நிற்கின்றன. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை அலகின் மேல் உண்டாக்குகிறது. மழைநீருக்கும் பழப்புளிக்கும் அந்தப் படலம் ஈடு கொடுக்கும். கடல்நீரிலுள்ள குளோரைட்டோ அதைச் சிற்சில இடங்களில் துளைத்து உள்ளே போய், அங்கேயே ஆழமாகத் தின்னும். நீங்கள் கண்ட ஊசிப் புள்ளிகள் அவைதான். அவை மேலே படிந்த அழுக்கு அல்ல, குழிகள், ஆதலால் தேய்த்துப் போக்க முடியாது. உப்புக் காற்று உலர்ந்து உப்பு மணிகளாகப் படியும் சோளகக் காலத்தில், கத்தி தண்ணீரில் விழாமலே இது நடக்கும்.

கடலுக்கென்றே உருவான உருக்குகள் உண்டு. ஜப்பானிய எச்1, காபனைப் பெரிதும் குறைத்து, நைதரசனையும் 6 முதல் 8 சதவீதம் நிக்கலையும் சேர்த்துச் செய்யப்படுவது; ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கடற்கத்திகள் நெடுங்காலம் இதில் வந்தன. எல்சி200என் என்பது 0.3 சதவீதம் காபன், 15 சதவீதம் குரோமியம், 0.4 சதவீதம் நைதரசன் கொண்டது. இதே வகை உருக்கு வானூர்திகளின் சுழலும் பாகங்களைத் தாங்கும் குண்டுத் தாங்கிகளுக்கும் (போல் பெயாரிங்) பயன்படுகிறது. இரண்டிலும் சூட்சுமம் ஒன்றே: காபனைக் குறைத்து அதன் இடத்தில் நைதரசனைச் சேர்த்தால், அது காபனைப் போலக் குரோமியத்தைப் பறித்துக்கொள்வதில்லை, குழி விழுவதையும் தானே தடுக்கிறது. இரண்டில் எல்சி200என் உருக்கையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் எச்1இன் நேர்விளிம்பு விரைவில் மழுங்கும். வலையும் நைலோன் கயிறும் மட்டுமே அறுப்பதாயின் பல்வைத்த விளிம்புள்ள எச்1 போதுமானது.

இவை கிடைக்காவிட்டால், இருக்கும் கத்தியையே கரைக்கு வந்ததும் நன்னீரில் கழுவித் துடையுங்கள். சில ஊர்களில் கிணற்று நீரே உவராக இருப்பதால் கழுவினால் மட்டும் போதாது, துடைப்பதும் அவசியம். தோலுறையில் வைக்க வேண்டாம். தோல் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சி அலகோடு அணைத்து வைத்திருக்கும்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்க் கம்மாலையில் லொறி வில்லுத்தகட்டில் செய்த கத்திகள் இரண்டு என்னிடம் உண்டு. ஒன்று அப்புவின் காலத்தது, இன்றும் பூவரசங் கதியாலை ஒரே வெட்டில் துண்டாக்கும். மற்றது அண்மையில் செய்வித்தது. பனை மட்டை வெட்டியபோதே கூர் மடிந்துவிட்டது. இரண்டும் ஒரே வகைத் தகடு என்கிறார் கொல்லர். வெளிநாட்டில் 5160 என்று பெயர் சொல்லி விற்கும் உருக்கை விட நம் தகடு தரம் குறைந்ததா?
– கொடிகாமம் வாசகர்

பதில்: தரம் குறைந்ததல்ல, பெரும்பாலும் அதே உருக்குத்தான். 5160 என்பது ஏறத்தாழ 0.6 சதவீதம் காபனும் 0.8 சதவீதம் குரோமியமும் கொண்ட வில்லுருக்கு. ஜப்பானிய லொறிகளின் வில்லுத்தகடுகளுக்குப் பயன்படும் எஸ்யூபி9 அதற்கு மிக நெருங்கிய உறவு. வெளிநாட்டில் பெரிய வெட்டுக் கத்தி செய்பவர்கள் 5160ஐ விரும்பித் தேடுவது அது முறியாமல் அடி தாங்குவதற்காகவே. அந்தக் குணம் உங்கள் கொல்லரின் தகட்டிலும் இருக்கிறது.

இரண்டு கத்திகளுக்கும் இடையிலான வேறுபாடு தகட்டில் இல்லை, நெருப்பில் இருக்கிறது. வில்லுத்தகடு லொறியின் கீழ் வளைந்து நிமிர வேண்டியது என்பதால், கத்திக்கு வேண்டிய அளவை விட மென்மையாகவே தொழிற்சாலையில் பதப்படுத்தப்படுகிறது. அதை அப்படியே வெட்டிச் சாணை பிடித்தாலோ, காய்ச்சி அடித்த பின் மறுபடி முறையாகத் தோய்க்காமல் விட்டாலோ கிடைப்பது கத்தி வடிவில் உள்ள வில்லுத்தகடு மட்டுமே. உங்கள் புதிய கத்தியில் நடந்தது அநேகமாக இதுதான். வீட்டிலேயே சோதிக்கலாம்: புதிய அரம் ஒன்றின் விளிம்பைக் கத்தியின் கூரில் வைத்து இழுத்துப் பாருங்கள். சரியாகப் பதமேறிய கூரில் அரம் வழுக்கிப் போகும், பதமேறாத கூரில் கடித்துத் துருவலெடுக்கும்.

கடித்தால், கத்தியை எறிந்துவிட வேண்டியதில்லை; கொல்லரிடமே கொண்டுபோய் மறுபடி பதம் வைக்கச் சொல்லுங்கள். உருக்கு 770 பாகை செல்சியஸ் அளவில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 830 முதல் 850 பாகையில், அலகு முழுதும் ஒரே நிறமாகச் சிவந்து நிற்கும்போது இளஞ்சூடான எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் இந்த உருக்கு வெடிக்கக் கூடும். அதற்கு மேல் வெண்ணிறம் வரும் வரை காய்ச்சினால் உள்மணிகள் பருத்துவிடும். அப்படிக் கெட்ட கத்தி முறிந்தால், முறிந்த முகம் சீனியைக் கொட்டியது போல மணிமணியாகத் தெரியும். தோய்த்த கத்தி மிகவும் கடினமாகவும் கண்ணாடித் தன்மையோடும் இருப்பதால், 200 பாகையை ஒட்டிய சூட்டில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்து ஆற்ற வேண்டும். கம்மாலையில் வெப்பமானி இல்லாவிட்டாலும், துடைத்து மினுக்கிய அலகில் வைக்கோல் மஞ்சள் நிறம் படரும் தருணத்தை அனுபவமுள்ள கொல்லர் கண்ணாலேயே பிடித்துவிடுவார். அப்புவின் கத்தியைச் செய்தவர் அப்படிப் பிடித்தவராகவே இருக்க வேண்டும்.

இரண்டு குறிப்புகள். பழைய தகட்டில் லொறி ஓடிய காலத்து நுண்வெடிப்புகள் இருக்கலாம். வெடித்த தகட்டை எந்தப் பதமும் காப்பாற்றாது. அடுத்து, உலர்ந்த மின்சாணையில் கூர் நீலமாகும் வரை அழுத்திப் பிடித்தால் நல்ல பதமும் அந்த இடத்தில் போய்விடும், ஆகையால் அடிக்கடி தண்ணீரில் தொட்டுக் குளிரவைத்துச் சாணை பிடிக்கச் சொல்லுங்கள்.

பனை மட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனைக் குடும்பத் தாவரங்களின் திசுக்களில் சிலிக்கா நுண்மணிகள் உண்டு. போதாததற்குக் கீழே விழுந்த மட்டையில் மணல் ஒட்டியிருக்கும், மணலோ பதமேறிய உருக்கை விடவும் கடினமானது. ஆகவே மட்டை வெட்டும் கத்தி எந்த உருக்காயினும் விரைவில் மழுங்கத்தான் செய்யும். அதற்காக விலையுயர்ந்த உருக்கைத் தேடாமல், மட்டையைத் தட்டி மணலை உதிர்த்துவிட்டு வெட்டுங்கள். பெரிய வெட்டுக் கத்திக்கு, நன்றாகப் பதம் வைத்த நம்மூர் வில்லுத்தகட்டை எந்த வெளிநாட்டுத் துருப்பிடிக்காத உருக்கோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இதே கம்மாலையில் துருப்பிடிக்காத கத்தி செய்ய முடியுமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்றே சொல்ல வேண்டும். 14சி28என் போன்றவற்றை 1050 பாகைக்கு மேல், சூடு கூடாமலும் குறையாமலும் சில நிமிடங்கள் நிறுத்திப் பதம் வைக்க வேண்டும். கரியுலையும் கண்ணும் அதற்குப் போதா.

கேள்வி: ஒரு கத்தியில் 57 என்றும் மற்றதில் 62 என்றும் எச்ஆர்சி எண் போட்டிருக்கிறது. எண் கூடியதே நல்லதா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: அந்த எண் றொக்வெல் சி அளவுகோலின் வன்மை எண், வைரக் கூம்பொன்றை 150 கிலோகிராம் சுமையில் உருக்கினுள் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துப் பெறப்படுவது. ஒரே உருக்கில் செய்த இரண்டு கத்திகளை மட்டுமே அதைக் கொண்டு ஒப்பிடலாம்: எண் கூடினால் கூர் மடிவது குறையும், பல் விழுவது கூடும். வேறு வேறு உருக்குகளுக்கிடையே அது பெரிதாக ஒன்றும் சொல்லாது. வெட்டுக் கத்திக்கு 56, 57 சரியான எண். சீவவும் அறுக்கவும் மட்டுமே பயன்படும் சிறு கத்திக்கு 60க்கு மேலும் போகலாம்.

கேள்வி: இணையத்தில் அலையலையான கோடுகளோடு டமஸ்கஸ் கத்திகள் மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?
– நல்லூர் வாசகர்

பதில்: அழகுக்காக வாங்கலாம். அந்தக் கோடுகள் இரண்டு உருக்குகளை அடுக்கடுக்காக ஒட்டி, அமிலத்தில் தோய்த்து வருவிக்கப்படுபவை. நேர்மையான கைவினைஞர் பெரும்பாலும் 1095உடன், நிக்கல் கலந்த 15என்20ஐ அடுக்குவார், நிக்கல் உள்ள அடுக்கு அமிலத்தில் கறுக்காமல் வெள்ளையாக நிற்கும். எந்த இரண்டு உருக்குகள் என்று விற்பவர் சொல்லாவிட்டால், பதமேறாத மென்னிரும்பும் அதில் இருக்கக் கூடும். கோடு வெட்டுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பழங்காலத்து டமஸ்கஸ் வாள்களின் வரி வேறு. மூசையில் (உருக்கும் மண்கலம்) உருக்கிய உயர்காபன் உருக்கு மெல்ல ஆறும்போது காபைட்டுகள் வரிவரியாகத் திரள்வதால் வந்தது. நம் தீவின் சமனலவெவப் பகுதியில் பருவக் காற்றையே துருத்தியாகக் கொண்டு உயர்காபன் உருக்கு எடுத்த பழைய உலைகளைப் பற்றி, ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1996இல் நேச்சர் ஆய்விதழில் எழுதியதை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கேள்வி: மகன் கொண்டுவந்து தந்த எஸ்30வி கத்தியை எங்கள் வீட்டுத் தீட்டுக்கல்லில் எவ்வளவு தீட்டினாலும் கூர் வருவதில்லை. அம்மிக்கல்லின் அடியிலும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். கத்தி பழுதா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: கத்தி நல்லது, கல் போதாது. எஸ்30வி உருக்கில் ஏறத்தாழ 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அது காபனோடு கூடி உண்டாக்கும் வனேடியக் காபைட்டு, இயற்கைக் கல்லிலுள்ள குவாட்சை விட மிகவும் கடினமானது. கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கற்களிலுள்ள அலுமினிய ஒட்சைட்டை விடவும் கடினமானது. ஆகையால் அந்தக் கற்கள் காபைட்டுகளைச் சுற்றியுள்ள உருக்கை மட்டுமே தேய்க்கின்றன, காபைட்டுகளோ வெட்டப்படாமல் முரடாகவே நிற்கின்றன. மக்னாகட்டிலும் அதே அளவு வனேடியம் இருப்பதால் அதற்கும் இது பொருந்தும்.

வைரத்தூள் பதித்த தகடு இரண்டு வாங்குங்கள்: 400 எண்ணில் (முரடு) ஒன்று, 1000 எண்ணில் (நுண்மை) ஒன்று. எண்ணெய் வேண்டாம், சில துளி தண்ணீர் போதும். வைரம் தானே வெட்டும். அழுத்தினால் மணிகள் தகட்டிலிருந்து பிடுங்கப்படும் என்பதால், கத்தியின் பாரமே போதும் என்ற அளவில் பிடியுங்கள். ஒரு பக்கம் தீட்டி, மறுபக்கத்தில் விரலை விளிம்புக்குக் குறுக்காக மெல்ல வைத்து வருடினால், மடிந்து நிற்கும் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது அடியிலிருந்து நுனி வரை தட்டுப்பட்ட பின்னரே மறுபக்கத்துக்கு மாறுங்கள். கடைசியாக 1000 எண் தகட்டில், மாறி மாறி ஒவ்வொரு இழுப்பாகப் பிசிறை எடுத்து, பழைய தோல்வாரொன்றின் உட்புறத்தில், முதுகு முன்னேயும் கூர் பின்னேயும் வரும்படி இழுத்துவிடுங்கள். அம்மியை அம்மா கேட்பதற்கு முன் கழுவி வைத்துவிடுவது நல்லது. உருக்குத் தூள் சம்பலில் சேரக் கூடாது.